சுவாமி சிவானந்தரும் தேகாரோக்கியமும்

ஒரு வைத்தியர் துறவு பூண்டார் என்று கேள்விப்பட்டால், வைத்தியத்தை அவர் கைவிட்டுவிட்டார் என்றே நாம் எண்ணிக்கொள்வோம். ஆஸ்பத்திரியும் மருந்துப் போத்தலும் ஒரு பக்கம், தவமும் தியானமும் மறுபக்கம் என்று நம் மனம் கோடு கிழித்து வைத்திருக்கிறது. ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர் அந்தக் கோட்டை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளாதவர். அவர் இமயமலைச் சாரலுக்குப் போனபோது மருந்துப் பெட்டியும் கூடவே போயிற்று என்று சொன்னால் பிழையாகாது. இன்று உலகமெங்கும் ஆசனம், பிராணாயாமம், மரக்கறியுணவு, அதிகாலை எழுதல் என்று பேசப்படுகின்ற பேச்சில் கணிசமான பங்கு அவரிடமிருந்தும் அவருடைய மாணாக்கரிடமிருந்தும் கிளம்பியதே. பெயரை அறிந்த அளவுக்கு அவருடைய சீவியத்தை நம் வாலிபர்கள் அறியமாட்டார்கள். அதனை இம்மலரிலே ஓரளவு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

வன்னியில் இருந்துகொண்டு இதனை எழுதுவதற்குத் தனிக் காரணமும் உண்டு. நம்முடைய பாட்டன்மார் காலத்தில் வன்னிக்கு வருவதென்றால் காய்ச்சலுக்கு அஞ்சுவார்கள். குளமும் காடும் சூழ்ந்த இந்த மண்ணில் குளிர்காய்ச்சல் கண்டு, மண்ணீரல் வீங்கி, வயிறு பருத்து நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த மலேரியா நாட்டை விட்டு நீங்கிற்று என்று 2016 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. இப்போது வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வரிசையைப் பார்த்தால் நோயின் பெயர் மாறியிருக்கிறது. சீனி வருத்தம், பிறஷர், கொழுப்பு என்கிறார்கள். நுளம்பு கொண்டுவந்த நோயை நுளம்பை ஒழித்து விரட்டினோம். நம்முடைய அடுப்படியிலிருந்தும் கட்டிலிலிருந்தும் கதிரையிலிருந்தும் வருகின்ற நோயை எதைக்கொண்டு விரட்டுவது? இந்தக் கேள்விக்கு ஒரு வைத்தியராகவும் யோகியாகவும் இருந்து விடை தேடியவர் என்ற வகையிலேயே சுவாமிகள் நமக்கு வேண்டியவராகிறார்.

குப்புசாமி என்பது பெற்றோர் இட்ட பெயர். 1887 ஆம் ஆண்டு செப்டெம்பர் 8 ஆம் திகதி, திருநெல்வேலிச் சீமையிலே, கோரைப்பாய்க்குப் பேர்போன பத்தமடை என்னும் ஊரில் அவர் பிறந்தார். தந்தையார் வேங்கு ஐயர், எட்டயபுரம் சமஸ்தானத்து வருவாய் உத்தியோகத்தர். தாயார் பார்வதி அம்மாள். சிவபக்தியிலும் சாஸ்திரப் புலமையிலும் சிறந்த அப்பைய தீட்சிதரின் வழிவந்த குடும்பம். எட்டயபுரத்துப் பாடசாலையிலே கல்வி. பாரதியார் பிறந்த அதே எட்டயபுரந்தான். படிப்பில் மட்டுமன்றித் தேகப்பயிற்சியிலும் பையன் கெட்டிக்காரன். விடியுமுன் தாயாருக்குத் தெரியாமல் எழுந்து பயிற்சிக்குப் போய்விடுவானாம்.

அந்த இளம் பிராயத்தில் நடந்த ஒன்றை அவருடைய சீவியத்தின் திறவுகோல் என்றே நாம் கருதுகின்றோம். குப்புசாமி வாள்வீச்சுப் பழக விரும்பினான். பழக்கக்கூடியவர் தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கிய சாதியைச் சேர்ந்தவர். பிராமணப் பிள்ளை அவரிடம் போய்ச் சீடனாக நிற்பதா என்று பெரியவர்கள் கண்டித்தார்கள். பையன் சில நாள் யோசித்தான். பிறகு பூவும் இனிப்பும் புதுத் துணியும் எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியரிடம் சென்று, மாலையிட்டு, பாதத்தில் விழுந்து வணங்கினான். வித்தை யாரிடம் இருக்கிறதோ அவரே குரு என்பதில் அவருக்கு அன்றே ஐயம் இருக்கவில்லை. பின்னாளில் கூலியாளுக்கும் கோடீசுவரருக்கும் ஒரே கையால் மருந்து கலக்கியவர் அந்தப் பையனே.

திருச்சிராப்பள்ளியில் மேற்படிப்பு முடிந்து தஞ்சாவூரில் வைத்தியம் படிக்கச் சேர்ந்தார். விடுமுறைக்கும் வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து படித்தவர் என்பார்கள். தந்தையார் காலமானமையால் படிப்புத் தடைப்பட்டது. ஆயினும் வைத்தியத்தை விடவில்லை. 1909 ஆம் ஆண்டு அமிர்தம் என்று பொருள்படும் ‘அம்புரோசியா’ என்னும் ஆங்கில மருத்துவச் சஞ்சிகை ஒன்றைத் தொடங்கினார். தொடக்கச் செலவுக்குத் தாயார் கொடுத்தது நூறு ரூபா. எழுத ஆளில்லாத இதழ்களில் வெவ்வேறு புனைபெயர்களில் தாமே எழுதி நிரப்பினார். (சங்க மலர் வெளியிடுகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.) வைத்திய அறிவை வைத்தியருடைய மேசையிலே பூட்டிவைக்காமல் பொதுசனங்களுக்கு எழுதிக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் இருபத்திரண்டு வயதிலேயே அவரிடம் குடிகொண்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1913 இல் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். மரக்கறி தவிர வேறொன்றும் உண்ணாத வீட்டுப் பிள்ளை. கப்பற் சாப்பாட்டில் மாமிசம் கலந்திருக்குமே என்று அஞ்சிய தாயார் நிறைய இனிப்புப் பண்டங்கள் செய்து கட்டிக் கொடுத்தார். வழிமுழுவதும் இனிப்பும் தண்ணீருமே ஆகாரம். கரையிறங்கும்போது வைத்தியர் பாதி உயிராக இருந்தார்! உணவைப்பற்றிப் பின்னாளில் அத்தனை நூல்கள் எழுதியவர், தவறான உணவு என்ன செய்யும் என்பதைத் தம்முடைய உடம்பிலேயே முதலில் படித்துக்கொண்டார்.

நெகிரி செம்பிலானிலே செரம்பான் பட்டினத்துக்கு அண்மையில் ஒரு றப்பர்த் தோட்டம். அதன் ஆஸ்பத்திரியை நடத்தும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. செரம்பான் என்ற பெயர் நம்மவருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து றெயில்வேயிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்க்கப் போன எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பட்டினத்தில் வேரூன்றின. தோட்டத்திலோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கூலியாட்கள். காடு வெட்டித் தோட்டமாக்கிய மண்ணில் மலேரியா, கொக்கிப்புழு, வயிற்றுளைவு. வன்னியில் காடு வெட்டிக் கழனியாக்கிய நம் முன்னோர் கண்ட அதே துன்பம். அங்கே ஏறக்குறைய ஏழு ஆண்டுகளும், பின்னர் ஜொகூரில் ஒரு மருத்துவ நிலையத்தில் மூன்று ஆண்டுகளும் குப்புசாமி வேலை செய்தார். நல்ல சம்பளம். ஏழை நோயாளிக்கு மருந்து கொடுத்ததோடு நில்லாமல், ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது சாப்பாட்டுக்குக் கையில் காசும் வைத்து அனுப்புவார். மருந்தால் எழும்பிய உடம்பு பட்டினியால் மீண்டும் விழும் என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் அதே மனிதர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் நோயோடு திரும்பி வருகிறாரே? மருந்து நோயை மாற்றுகிறது. நோயை வரவழைக்கும் சீவியத்தை மாற்றவில்லை. இந்தச் சிந்தனை அவரை விடாமல் அரித்தது. அந்நாளில் அவரிடம் சிகிச்சை பெற்ற ஒரு சாது, சச்சிதானந்தர் என்னும் துறவி எழுதிய வேதாந்த நூலொன்றை அவருக்குக் கொடுத்துப் போனார். அதைப் படித்தபின் மனம் வேறு திசையில் திரும்பிற்று. 1923 இல் எல்லாவற்றையும் விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்.

காசியும் பிற தலங்களும் கால்நடையாக அலைந்து திரிந்தார். மகாராட்டிர நாட்டிலே தாலஜ் என்னும் சிற்றூரில் ஒரு தபாலதிபர் வீட்டில் சில மாதம் தங்கினார். எப்படித் தங்கினார்? சமையற்காரராக. பத்தாண்டு வைத்தியம் பார்த்தவர், பிறர் வீட்டு அடுப்பை ஊதிச் சமைத்துப் போட்டார். அந்தத் தபாலதிபர் சொன்ன வழியிலேதான் ரிஷிகேசத்துக்குப் போனார். 1924 ஆம் ஆண்டு ஜூன் 1 ஆம் திகதி விசுவானந்த சரஸ்வதி சுவாமிகளிடம் சந்நியாசம் பெற்று, சிவானந்த சரஸ்வதி ஆனார்.

கங்கைக்கு அக்கரையிலுள்ள சுவர்க்காச்சிரமத்திலே ஒரு சிறு குடிலில் கடுந்தவம் தொடங்கியது. குளிர்காலத்தில் விடியுமுன் இடுப்பளவு கங்கை நீரில் நின்று செபம் செய்வார். சத்திரத்தில் வாங்கிய ரொட்டியைச் சேர்த்து வைத்து, காய்ந்ததைக் கங்கை நீரில் நனைத்துச் சாப்பிட்டு, வெளியே போகும் நேரத்தையும் மிச்சப்படுத்துவார். இப்படிச் செய்யும்படி அவர் பிற்காலத்தில் எவருக்கும் சொல்லவில்லை. தாம் பட்டது தமக்கு. பிறருக்குச் சொன்னது வேறு.

தவம் செய்ய வந்த இடத்திலும் சுற்றியிருந்த சாதுக்களுக்குக் காய்ச்சலும் கழிச்சலும். பத்திரிநாத்துக்கும் கேதாரநாத்துக்கும் நடக்கும் யாத்திரிகர்களுக்குக் கால்புண். மலாயாவில் இருந்தபோது எடுத்திருந்த காப்புறுதிப் பணம் கைக்கு வந்தது. அதைக்கொண்டு 1927 இல் இலட்சுமண ஜூலாவிலே ஓர் இலவச மருந்துச்சாலையைத் திறந்தார். ஒருநாள் ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பிய பின், அந்நோய்க்கு அதைவிடச் சிறந்த மருந்தொன்று உண்டென்பது நினைவுக்கு வந்தது. யாத்திரிகரோ விடியுமுன் புறப்பட்டுப் போய்விட்டார். சுவாமிகள் மருந்தை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் ஓடினார். சில மைல் ஓடி அவரைப் பிடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் திரும்பினார். சமாதி கூடுவதைப்பற்றி அவர் எழுதிய நூல்களைக் காட்டிலும் இந்த ஓட்டம் நம் மனத்தைத் தொடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். 1929 இல் யோக சாதனை பற்றிய முதல் நூல். 1934 இல் கங்கையின் மறுகரைக்கு வந்து, பாழடைந்த ஒரு மாட்டுக்கொட்டிலைத் துப்புரவாக்கிக் குடியிருந்தார். 1936 இல் தெய்வ நெறிக் கழகம் உருவாயிற்று. 1945 இல் மலை மூலிகைகளைக்கொண்டு ஆயுர்வேத மருந்து செய்யும் சாலை. 1948 இல் யோக வேதாந்தக் கல்லூரி. முந்நூறை அண்மித்த நூல்கள். மருந்துச்சாலை நாளடைவில் ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. ஆங்கில வைத்தியம், ஆயுர்வேதம், ஆசனம் மூன்றும் ஒரே வளவுக்குள் சண்டையின்றி இருந்தன.

இனி, அவர் மக்களுக்குச் சொன்ன நித்திய ஒழுக்கத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழும்பச் சொன்னார். ஆயுர்வேத நூலாகிய அட்டாங்க ஹிருதயத்திலே வாக்படர் நாளொழுக்கம் சொல்லத் தொடங்குவதும் பிரம முகூர்த்தத்திலிருந்துதான். சூரியோதயத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் முந்திய வேளை அது. வன்னியில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே பொழுது விடிகிறபடியால் நமக்கு நாலரை மணி என்று கொள்ளலாம். ஆனால் யானைக்கும் பன்றிக்கும் காவலாகப் பரணில் இரவைக் கழித்துவிட்டு விடிய வீடு திரும்பும் விவசாயி என்ன செய்வது? அவனைப் பார்த்து நான்கு மணிக்கு எழும்பு என்பது அறிவீனம். ஆச்சிரமத்து மணிக்கூடு கமக்காரனுக்கு அப்படியே பொருந்தாது. எழும்பும் நேரத்தைக் காட்டிலும், அது நாள்தோறும் ஒன்றாக இருப்பதும், முந்திய நித்திரை முழுதாக இருப்பதுமே முக்கியம் என்று நாம் விளங்கிக்கொள்கிறோம். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நள்ளிரவு தாண்டி விழித்திருக்கும் வாலிபனுக்குப் பரணும் இல்லை, யானையும் இல்லை. அவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

தேகப்பயிற்சிக்கு ஆசனம். நேரமில்லாதவருக்குச் சிரசாசனம், சர்வாங்காசனம், பச்சிமோத்தானாசனம் மூன்றும் போதும் என்பது அவர் கொள்கை. முதலிரண்டும் உடம்பைத் தலைகீழாக நிறுத்துவன. மூன்றாவது இருந்தபடி முன்குனிந்து கால்விரலைப் பிடிப்பது. பிறஷர் உள்ளவரும் கண்ணில் நீரழுத்தம் உள்ளவரும் தலைகீழாக நிற்கக்கூடாது என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயலில் நாள்முழுவதும் குனிந்து நிமிர்கிறோமே, நமக்கு எதற்கு ஆசனம் என்று கேட்பவர் உண்டு. அந்தக் கேள்வி நியாயமாயிருந்த காலம் ஒன்றிருந்தது. துலா மிதித்து, கையால் நாற்று நட்டு, அரிவாளால் அரிந்து, சூடு மிதித்த காலம். இன்று உழவு இயந்திரம் உழுகிறது, வெட்டும் இயந்திரம் வெட்டித் தூற்றிச் சாக்கில் கட்டுகிறது, கிணற்றில் மோட்டர் இறைக்கிறது, சந்திக்குப் போக மோட்டார் சைக்கிள். உடம்பு செய்த வேலையெல்லாம் போய்விட்டது. உடம்பு கேட்கும் சோறு மட்டும் குறையவில்லை. மறுபுறத்தில், வாக்படர் தேகப்பயிற்சிக்கு ஓர் எல்லையும் வைத்திருக்கிறார். பலசாலியாக இருந்தாலும் தன் பலத்தில் பாதியளவே செய்ய வேண்டும். பட்டினத்துத் தேகப்பயிற்சி நிலையங்களில் ஒரே மாதத்தில் பயில்வானாகிவிட முயலும் தம்பிமார் இதைக் குறித்துக்கொள்வார்களாக.

உணவு விடயத்தில் சுவாமிகள் வற்புறுத்தியது மிதாகாரம். வயிற்றில் அரைவாசி அன்னத்துக்கு, காற்பங்கு நீருக்கு, காற்பங்கு வெறுமையாக. யோக நூலும் ஆயுர்வேதமும் இந்தக் கணக்கில் ஒத்துப்போகின்றன. நம்முடைய வழக்கம் நேர்மாறானது. விருந்தினர் இலையில் இடம் காணக்கூடாது. கறி போட்டபின் இன்னுமொரு அகப்பை சோறு வைக்காவிட்டால் உபசரிப்பே அன்று. மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் குத்தித் தவிட்டோடு உண்டபோது அந்த இரண்டாம் அகப்பை பெரிதாகத் தீங்கு செய்யவில்லை. சேனையில் விளைந்த குரக்கனும் சாமையும் தினையும் வாரத்தில் சில நாள் அடுப்பேறின. தீட்டித் தீட்டி வெளுத்த அரிசியும், கோதுமை மாவில் பாணும் கொத்துரொட்டியும், நாளுக்கு ஐந்தாறு முறை இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயும் வந்த பிறகு அரைவயிற்றுக் கணக்கு வேதாந்தமாக இல்லை, கிளினிக் கொப்பியில் தாதி எழுதித்தரும் புத்திமதியாகவே இருக்கிறது.

மிளகாய், புளி, உள்ளி, வெங்காயம், கடுகு, பெருங்காயம், எண்ணெய் எல்லாவற்றையும் விடும்படியும் அவர் சொன்னார். மிளகாய்த்தூளும் பழப்புளியும் இல்லாமல் நம்முடைய அடுக்களையில் எந்தக் கறி இறங்கும்? இதனைப் பிரித்தறிய வேண்டும். தியான சாதகனின் மனம் அடங்குவதற்காகச் சொன்ன விதி அது. உள்ளியை மருந்தாகவே ஆயுர்வேதம் போற்றுகிறது. மிளகும் சீரகமும் உள்ளியும் தட்டிப் போட்ட இரசத்தைக் காய்ச்சல்காரனுக்குக் கொடுக்காத பரியாரியார் இல்லை. ஆகவே இல்லறத்தில் இருப்பவர் இந்தப் பட்டியல் முழுவதையும் கைக்கொள்ள வேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். சில நாள் உப்பையும் சீனியையும் விட்டுப் பார்க்கும்படி அவர் கூறியது அப்படியன்று. அதை எவரும் செய்து பார்க்கலாம். வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் உப்புக் குறைந்தாலும் உண்ணத்தக்கவையே என்பது அன்றைக்குத் தெரியவரும்.

ஏகாதசி உபவாசமும் அவருடைய விதிகளில் ஒன்று. இங்கே ஓர் எச்சரிக்கை. சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுப்பவர் டாக்குத்தரைக் கேளாமல் பட்டினி கிடக்கலாகாது. வவுனியாப் பக்கத்திலும் முல்லைத்தீவுப் பக்கத்திலும் காரணம் சரியாகப் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுகின்றது. வெயிலில் வேலை செய்கிறவர் தண்ணீரும் அருந்தாமல் விரதம் காப்பதை எந்த வைத்தியரும் ஒப்பமாட்டார். சிவானந்தர் என்னும் வைத்தியரும் ஒப்பியிருக்கமாட்டார் என்றே நாம் நம்புகிறோம்.

விதிகள் சொன்ன மகான்கள் பலர். சிவானந்தரிடம் நாம் கண்ட தனிச்சிறப்பு அவர் வகுத்த நாட்குறிப்பு. ஆஸ்பத்திரியில் நோயாளியின் கட்டிலில் ஓர் அட்டை தொங்கும். காய்ச்சல் எத்தனை, நாடி எத்தனை, மருந்து எப்போது என்று அதில் எழுதியிருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் பத்தாண்டு அந்த அட்டையோடு பழகியவர், சுகதேகிக்கும் ஓர் அட்டை எழுதினார். ஒரு பக்கத்தில் கேள்விகள். எதிரே மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். எத்தனை மணிக்கு எழும்பினாய்? எத்தனை மணி நேரம் தூங்கினாய்? ஆசனம் எத்தனை நிமிடம்? பிராணாயாமம் எத்தனை? செபம் எத்தனை மாலை? பிறருக்கு எவ்வளவு நேரம் வேலை செய்தாய்? எத்தனை பொய் சொன்னாய், அதற்கு என்ன தண்டனை ஏற்றாய்? எத்தனை முறை கோபித்தாய்? எந்தத் தீய பழக்கத்தை விட முயல்கிறாய்? எத்தனை மணிக்குப் படுத்தாய்? இந்தக் கோவையில் நித்திரையும் பொய்யும் கோபமும் அடுத்தடுத்து நிற்பதைப் பாருங்கள். நித்திரை கெட்டவன் கோபிப்பான். கோபித்தவன் அளவறிந்து உண்ணான். உடம்பின் கணக்கும் மனத்தின் கணக்கும் ஒரே கொப்பியில் எழுதப்படவேண்டியவை என்பது அவருடைய வைத்தியம். கடையில் கடன் கொப்பியும் கமத்தில் விளைச்சல் கணக்கும் தவறாமல் எழுதும் நமக்கு இது கைவராத வித்தையன்று. ஒரு மாதம் எழுதினால் போதும். எந்தக் கட்டம் வெறுமையாகவே கிடக்கிறதோ அங்கேதான் நோய் குடிபுகும் வாசல்.

1950 ஆம் ஆண்டு செப்டெம்பர் 9 ஆம் திகதி தொடங்கி நவம்பர் 7 ஆம் திகதி வரை இந்தியாவையும் இலங்கையையும் சுற்றி ஒரு பெரும் யாத்திரை செய்தார். அப்போது கொழும்புக்கும் வந்தார். மூன்று ஆண்டுகளின் பின், 1953 இல், கொங்கு நாட்டவரான தம் சீடர் சுவாமி சச்சிதானந்தரை இலங்கைக்கு அனுப்பினார். மலாயாவில் கிடைத்த நூலை எழுதியவர் வேறு, இவர் இளையவர். இந்தச் சச்சிதானந்தர் திருகோணமலையிலும் பின்னர் கண்டியிலும் ஆச்சிரமம் அமைத்து, ஆசனமும் தியானமும் பழக்கி, 1966 வரை நம் நாட்டிலே தங்கியிருந்தார். பின்பு நியூயோர்க் நகருக்குச் சென்றார். 1969 இல் வுட்ஸ்டொக்கில் பல இலட்சம் அமெரிக்க இளைஞர் கூடிய இசை விழாவைத் தொடக்கிவைத்துப் பேசிய காவித் துறவி அவரே. உலகப் புகழ் பெறுமுன் பதின்மூன்று ஆண்டு நம்மிடையே இருந்தவர் அவர்!

சுவாமிகளின் கடைசிக்காலத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த வரலாறு பொய்யாகிவிடும். நித்தம் ஆசனம் செய்தவர், மிதமாக உண்டவர், விடியுமுன் எழுந்தவர். அவருக்கும் நீரிழிவு வந்தது. இடுப்பு வலியும் வருத்தியது. அதை அவர் மறைக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை. டாக்குத்தர்மார் சொன்ன மருந்தை எடுத்தார், பத்தியம் காத்தார், கடிதம் எழுதும் வேலையையும் நூல் எழுதும் வேலையையும் நிறுத்தாமல் செய்தார். இதை நாம் அழுத்திச் சொல்வதற்கு நம் ஊர்களில் நடக்கும் ஒன்று காரணம். ஒரு மண்டலம் ஆசனம் செய், ஒரு போத்தல் கஷாயம் குடி, குளிசையை எறிந்துவிடு என்று காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்பிக் குளிசையை விட்டவர்கள் கால் புண்ணோடும் மங்கிய கண்ணோடும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறார்கள். யோகத்தின் பெயரால் இவர்கள் பேசும் பேச்சு, ஆங்கில வைத்தியமும் ஆயுர்வேதமும் ஆசனமும் கைகோத்து நின்ற ஆச்சிரமத்தை ஏற்படுத்தியவருடைய பேச்சன்று. நல்லொழுக்கம் நோயின் வருகையைத் தள்ளிப்போடும், வந்த நோயைத் தாங்கும் பலம் தரும். மருந்துக்கு வேலையில்லாமற் செய்துவிடும் என்று வைத்தியராயிருந்த அந்தத் துறவி வாக்களிக்கவில்லை. 1963 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவரைப் பாரிசவாதம் தாக்கியது. ஜூலை 14 ஆம் திகதி இரவு கங்கைக் கரையிலேயே உடல் நீத்தார். எழுபத்தைந்து வயது.

அவருடைய மற்றொரு சீடரான விஷ்ணுதேவானந்தர் 1957 இல் மேல்நாடு சென்று, கனடாவிலே மொன்றியல் நகரில் யோக நிலையம் தொடங்கினார். சரியான பயிற்சி, சரியான மூச்சு, சரியான ஓய்வு, சரியான உணவு, நல்ல சிந்தனையும் தியானமும் என்று குருவின் நீண்ட விதிகளை ஐந்தாகச் சுருக்கி மேல்நாட்டாருக்குக் கொடுத்தவர் அவர். மொன்றியலுக்கு வடக்கே மலைப்பாங்கான வால் மொறின் என்னும் ஊரில் அவர் அமைத்த ஆச்சிரமத்தில் ஒரு முருகன் கோவிலும் உண்டு. போர்க்காலத்தில் இங்கிருந்து போய்க் கனடாவில் குடியேறிய நம்மவர்கள் கோடைகாலத்தில் அங்கே காவடி எடுக்கிறார்கள். மேளமும் அரோகராவுமாக அவர்கள் ஏறிப்போகும் அந்த மலையில், வெள்ளைக்காரப் பெண்களும் ஆண்களும் பாயை விரித்துச் சர்வாங்காசனம் பழகிக்கொண்டிருப்பார்கள். பத்தமடையிலே பிறந்த குப்புசாமியின் படம் அங்கே மாலையோடு இருக்கும்.